சாளரம் ஏன் உறைகிறது?

கிள்ளானில் ஒருவர் திருமண அழைப்பிதழ் தட்டச்சு செய்கிறார். மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் தட்டச்சு மென்பொருளில் ஆங்கில கே, ஓ விசைகளைத் தட்டினால் முதலில் ‘க்’, உடனே ‘கொ’.

விசைத்தட்டல் உரிய பெட்டிக்கு எப்படிப் போகிறது? செயலிக்குள் ஒரு தலைமைப் பொருள் உண்டு. சாளரச் செயலிகளை எழுத உதவும் க்யூட் (Qt) சட்டகத்தில் அதன் பெயர் க்யூஅப்ளிகேஷன். ஒரு நிரலுக்கு ஒன்றுதான். அது இல்லாமல் ஒரு பொத்தானைக்கூட உருவாக்க முடியாது. விசை, சுட்டி, திரையை மறுபடி வரைதல் எல்லாம் வரிசையில் நிற்கும். தலைமைப் பொருள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து உரிய இடத்துக்கு அனுப்பும். வரிசை காலியானால் உறங்கும்.

‘சேமி’ பொத்தானின் வேலை 5 விநாடி பிடித்தால், அதுவரை வரிசை நகராது, சாளரம் உறைந்து நிற்கும். கணினி கெட்டுவிட்டதென்று பலர் அணைத்துவிடுகிறார்கள், எழுதியதும் போய்விடுகிறது. நீண்ட வேலையை நிரலாளர் தனி இழைக்கு (thread) அனுப்புவது நல்லது.