அலமாரிக்குள்ள எட்டு நாள்!

ராத்திரி ரெண்டு மணி. ஹாஸ்டல் ரூம். அலமாரிக்குள்ள இருந்து 'ஸ்ஸ்ஸ்ஸ்...'னு ஒரு சத்தம். உங்க ரூம்மேட் என்ன பண்ணுவார்? என் ரூம்மேட் விளக்குமாத்தைத் தூக்கிட்டான். ''டேய், பாம்புடா!''

பாம்பு இல்லீங்க. என் புது ஹெட்போன்!

சம்மர்ல பார்த்த வேலைக்குக் கிடைச்ச பணம், பாட்டி கொடுத்த பொறந்த நாள் காசு, ஒரு வருஷம் கேன்டீன்ல தியாகம் பண்ணின பரோட்டா... எல்லாத்தையும் கூட்டி வாங்கின ஹெட்போன் அது. பார்சல் பிரிச்சதும் சீனியர் ஒருத்தர் கையைப் பிடிச்சுத் தடுத்துட்டார். ''இப்பவே மாட்டாத. முதல்ல பர்ன்-இன் பண்ணு. 200 மணி நேரம் பிங்க் நாய்ஸ் ஓடவிடு. அப்புறம் பார், சும்மா தேனா இருக்கும்!''

பிங்க் நாய்ஸ்னா வேற ஒண்ணும் இல்லை, ஓட்டுக்கூரை மேல மழை பெய்யற மாதிரி ஒரு இரைச்சல். அதை எட்டு நாள் அலமாரிக்குள்ள ஓட விட்டேன். அந்த எட்டு நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்தான் இந்தக் கட்டுரை. நீங்களும் காசு சேர்த்துக்கிட்டு இருந்தா, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்க ப்ளீஸ்!

பாடகர் ஏன் நகர்ந்தார்?

ஆசை யாரை விட்டது? அலமாரியில வைக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பாட்டு கேட்டேன். பாடகர் குரல் நெத்திக்கு நேரா நிக்கணும் இல்லையா? எனக்கு வலது பக்கமா ஒதுங்கி நின்னுச்சு. சீனியர்கிட்ட சொன்னேன். ''புதுசுல அப்படித்தான் இருக்கும். செட் ஆகட்டும்டா''ன்னார். நம்பினேன்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. 200 மணி நேரம்னா எத்தனை நாள்? எட்டு நாள், எட்டு மணி நேரம். நான் வாங்கின இடத்துல திருப்பிக் கொடுக்கக் கெடு எத்தனை நாள் தெரியுமா? ஏழு!

ஒன்பதாவது நாள் மாட்டினேன். பாடகர் அதே வலது பக்கத்துலதான் நின்னார். என் ஹெட்போன் கேபிளைக் கழற்றி மாட்டலாம். ரெண்டு பக்க பின்னையும் இடம் மாத்தி மாட்டினேன். குறை போன்லயோ கேபிள்லயோ இருந்தா, சத்தம் கம்மியா இருக்கற பக்கமும் இடம் மாறியிருக்கணும். மாறவே இல்லை. அப்ப குறை இடது பக்க டிரைவர்ல! ரெண்டு நிமிஷத்துல முதல் நாளே பண்ணியிருக்க வேண்டிய டெஸ்ட். கெடு முடிஞ்சதால சர்வீஸுக்குத்தான் அனுப்ப முடிஞ்சது. திரும்பி வர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நடுவுல மாடல் எக்ஸாமே முடிஞ்சு போச்சு.

பர்ன்-இன் என் ஹெட்போனைக் கெடுக்கலை. அதைச் சோதிச்சுப் பார்க்க வேண்டிய நாட்களைத் தின்னுடுச்சு. அவ்வளவுதான்.

அப்ப பர்ன்-இன் பொய்யா?

முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. பெரிய ஸ்பீக்கர்ல கூம்பைப் பிடிச்சிருக்கற துணியும் ரப்பரும் ஆரம்ப மணி நேரங்கள்ல கொஞ்சம் தளரும். அது கருவி வெச்சு அளக்கக்கூடிய மாற்றம். ஹெட்போன்ல இருக்கறதோ ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். அது அசையற தூரமே ரொம்பக் கம்மி. தளர்றதுக்கு அங்க பெருசா ஒண்ணும் இல்லை.

அமெரிக்காவுல ஹெட்போன்களை அளந்து எழுதிவந்த டைல் ஹெர்ட்சென்ஸ், 2011-ல் ஏ.கே.ஜி. க்யூ 701 ஹெட்போனைத் தொடர்ந்து ஓடவிட்டு அளந்து பார்த்தார். மாற்றம் இருந்தது, ஆனா ரொம்பச் சின்னது. ஹெட்போனைத் தலையில அரை சென்டிமீட்டர் நகர்த்தி வெச்சா வர்ற மாற்றம் பல சமயம் இதைவிடப் பெருசு!

உண்மையிலேயே பழகற விஷயம் ஒண்ணு இருக்கு. காதைச் சுத்தி இருக்கற மெத்தை. புதுசுல அது விறைப்பா இருக்கும், தலைப்பட்டையும் இறுக்கிப் பிடிக்கும். போட்டுப் போட்டு மெத்தை அமுங்கினா டிரைவர் காதுகிட்ட வரும். சத்தம் கொஞ்சம் மாறும். ஆனா இது அலமாரியில நடக்காது, உங்க தலையில மாட்டினாதான் நடக்கும்!

இன்னொண்ணும் பழகும். அது நம்ம மூளை. புதுக் கண்ணாடி போட்ட முதல் நாள் தரை சரிவா தெரியும், படி பள்ளமா தெரியும். நாலு நாள்ல எல்லாம் நேராயிடும். கண்ணாடியா மாறிச்சு? அதே கதைதான் இங்கயும். அதனால 'பத்து நாள்ல பிடிச்சுப் போச்சு'ன்னு யாராவது சொன்னா அது பொய் இல்லை. மாறினது எதுங்கறதுலதான் சந்தேகம்.

சர்க்யூட் தியரி வாத்தியார் மன்னிக்கணும்!

அடுத்த தலைவலி ஆம்ப். 'பெரிய ஹெட்போன் வாங்கிட்டியா? ஆம்ப் இல்லாம வேஸ்ட்'னு பத்துப் பேர் சொல்வாங்க. அதுவும் 'மேட்ச்' ஆகணுமாம்.

மேட்ச்னு சொன்னதும் நம்ம எலெக்ட்ரிகல் மக்களுக்கு மேக்ஸிமம் பவர் டிரான்ஸ்ஃபர் தியரம் ஞாபகம் வரும். 'சோர்ஸ் இம்பிடன்ஸும் லோடு இம்பிடன்ஸும் சமமா இருக்கணும்.' பரீட்சையில அப்படியே எழுதுங்க, மார்க் வரும். ஹெட்போன்ல செஞ்சீங்கன்னா சத்தம் கெடும். இங்க ஆம்ப்போட அவுட்புட் இம்பிடன்ஸ், ஹெட்போனோட இம்பிடன்ஸ்ல எட்டுல ஒரு பங்கோ அதுக்குக் கீழயோ இருக்கணுங்கறதுதான் நடைமுறைக் கணக்கு. 32 ஓம் ஹெட்போன்னா 4 ஓமுக்குள்ள.

ஏன்? 2003-ல வந்த சென்ஹைசர் எச்.டி. 650-ஐ எடுத்துக்குவோம். பெட்டியில 300 ஓம்னு போட்டிருக்கும். ஆனா எல்லா சுருதிக்கும் அது 300 இல்லை. 80-100 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது பேஸ் இருக்கற இடத்துல, கிட்டத்தட்ட 500 ஓம் வரைக்கும் ஏறும். 1996-ல வந்த ஒரு சர்வதேசத் தர விதி, ஹெட்போன் அவுட்புட்டுக்கு 120 ஓம் வெச்சது. அப்படிப்பட்ட ஆம்ப்ல இந்த ஹெட்போனைச் செருகினா என்ன ஆகும்? வோல்டேஜ் டிவைடர் போட்டுப் பாருங்க. 300-ஐ 420-ஆல வகுங்க, 500-ஐ 620-ஆல வகுங்க. பேஸுக்கு சுமார் 1 டெசிபல் கூடுதலாப் போகும். 'இந்த ஆம்ப்ல என்னா கதகதப்பு!'ன்னு சிலர் உருகறதுக்குப் பின்னால இந்தச் சின்ன வகுத்தல் இருக்கலாம்.

ஓமைப் பார்த்து ஏமாறாதீங்க

'300 ஓமா? ஐயோ, போன்ல பாடவே பாடாது!' இதுவும் அடிக்கடி காதுல விழற வசனம். ஓம் மட்டும் பார்த்தா பாதிக் கதைதான் தெரியும். மீதிப் பாதி, சென்சிட்டிவிட்டி.

எச்.டி. 650-க்கு 1 வோல்ட் கொடுத்தா 103 டெசிபல் வரும். அதுவே செம சத்தம்! உச்சகட்ட மேளச் சத்தத்துக்கு 110 டெசிபல் வேணும்னு வெச்சாக்கூட 2.2 வோல்ட் போதும். பவர் 17 மில்லிவாட்தான்.

இப்ப ஹைஃபைமேன் எச்.இ. 6-ஐப் பாருங்க. வெறும் 50 ஓம். 'ஈஸியா ஓடும்'னு தோணுதா? 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான் தரும். அதே 110-க்கு இதுக்குக் கிட்டத்தட்ட 450 மில்லிவாட் வேணும், முன்னதைவிட சுமார் 27 மடங்கு! ஓம் கம்மி, பசி அதிகம். ஒல்லியா இருக்கறவன் பந்தியில அமைதியா நாலு இலை சோறு சாப்பிடுவானே, அந்த வகை.

போன்ல செருகற டாங்கிள் பலதும் சுமார் 1 வோல்ட் தரும். அப்ப எச்.டி. 650 மாதிரி ஒரு ஹெட்போனுக்கு, ராத்திரி ரூம்ல சாதாரண சத்தத்துல கேட்க அதுவே பெரும்பாலும் போதும். மெதுவா பதிவான பழைய கச்சேரி கேக்கறீங்க, வால்யூம் முழுசா வெச்சும் பத்தலை... அப்ப ஆம்ப் வாங்குங்க. எச்.இ. 6 வகைன்னா யோசிக்கவே வேண்டாம், ஆம்ப் வேணும். ப்ளூடூத் ஹெட்போன்னா ஆம்ப் அதுக்குள்ளயே இருக்கு. ஆளை விடுங்க!

16-க்கு 9

சர்வீஸ்ல இருந்து ஹெட்போன் திரும்பி வந்ததும் சீனியர்கிட்ட ஆம்ப் கடன் வாங்கினேன். மாட்டினதும்... ஆஹா! வானமே திறந்த மாதிரி இருந்துச்சு. உடனே ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒண்ணு வாங்கிடலாம்னு கிளம்பிட்டேன். ரூம்மேட்தான் சட்டையைப் பிடிச்சு இழுத்தான். ''கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லு பார்ப்போம்!''

சத்தம் கொஞ்சம் கூடினாலே காது 'இதுதான் நல்லாருக்கு'ன்னு சொல்லிடும். அதனால முதல்ல டாங்கிளையும் ஆம்ப்பையும் சமப்படுத்தினோம். 100 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஹெட்போனுக்குப் போற வோல்டேஜை லேப் மல்ட்டிமீட்டர்ல அளந்து, வால்யூமை ஒண்ணாக்கினோம். அப்புறம் அவன் ஒவ்வொரு தடவையும் காசு சுண்டி, எனக்குக் காட்டாம எதையாவது செருகுவான். நான் எதுன்னு சொல்லணும். மொத்தம் 16 தடவை.

9 சரி. குருட்டாம்போக்குல அடிச்சாலே 8 வரும் பாஸ்! 12 வந்திருந்தாதான் 'வித்தியாசம் தெரியுது'ன்னு ஓரளவு நம்பலாம். வானம் திறக்கலை. வால்யூம்தான் திறந்திருக்கு.

ஆம்ப்பைத் திருப்பிக் கொடுத்தேன். ''உன் காது இன்னும் பர்ன்-இன் ஆகலைடா''ன்னார் சீனியர். நல்ல மனுஷன். இப்பவும் நம்பறார்.

உங்க காதுக்கு சர்வீஸ் சென்டர் இல்லை

சிரிச்சது போதும், ஒரு சீரியஸ் விஷயம். ஆம்ப் வாங்கினா கையில ஒரு பெரிய குமிழ் வரும். அதைத் திருப்பிக்கிட்டே போகத் தோணும். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற அளவு: 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83-ல 20 மணி நேரம். 89-ல 5 மணி நேரம். 95-ல? வாரத்துக்கே ஒண்ணேகால் மணி நேரம்தான்! டிரைவர் போனா மாத்திடலாம். உள்காதுல இருக்கற நுண்ணிய முடி செல்கள் போனா திரும்ப முளைக்காது.

பெட்டியைப் பிரிச்சதும்...

* அன்னிக்கே மாட்டிக் கேளுங்க. குரல் நடுவுல நிக்குதா?

* நிக்கலைன்னா கேபிளை இடம் மாத்துங்க. மாத்த முடியாத கேபிள்னா வேற போன்ல போட்டுப் பாருங்க.

* திருப்பிக் கொடுக்கற கடைசி நாளை ரிமைண்டர்ல போடுங்க. அதுக்குள்ள பிடிக்கலைன்னா திருப்பிடுங்க.

* ஆம்ப் விளம்பரத்துல பவரை 32 ஓமுக்குத்தான் போடுவாங்க. உங்க ஹெட்போனோட ஓமுக்கு எவ்வளவுன்னு கேளுங்க.

* கடன் வாங்கிக் கண்ணை மூடிக் கேட்டுட்டு, அப்புறம் காசை எடுங்க.

என் ஹெட்போன் இப்ப அலமாரியில இல்லை, தலையிலதான் இருக்கு. பாடகர் நெத்திக்கு நேரா வந்து நின்னுட்டார். அதுக்கு 200 மணி நேரம் ஆகலைங்க, சர்வீஸ்ல இருந்து வந்து மாட்டின முதல் நிமிஷமே நின்னார்.

ஆம்ப் வாங்காம மிச்சமான காசு? நிறுத்தி வெச்ச பரோட்டாவை எல்லாம் வட்டியோட சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். விளக்குமாறு தூக்கின ரூம்மேட்டுக்கும் சேர்த்துத்தான்!