கடைந்த மரத்தில் பூண்

கடைந்தெடுத்த மரத்தின் முனையைக் கவ்விப் பிடிக்கும் உலோக வளையத்துக்குப் பூண் என்று பெயர். உலக்கையின் முனையில் இருப்பது அதுதான். தச்சரின் உளிப்பிடியில் இருப்பதும் அதுவே. உலக்கை தேய்ந்து உளிப்பிடி ஆனது என்று ஒரு பழமொழி உண்டு. ஆனால் தேய்வதைவிடப் பிளப்பதுதான் இரண்டுக்கும் பெரிய ஆபத்து. மரம் ஒரு நார்க்கட்டு. தலையில் அடி விழும்போது நார்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகப் பார்க்கும். அதைச் சுற்றி நின்று தடுப்பது பூண்.

கடைசல் பட்டறையில் பிடியின் நுனியை ஒரு படி இறக்கிக் கடைகிறார்கள். அந்தப் படி வளையத்தின் உள்விட்டத்தைவிட ஒரு மயிரிழை பருமனாக இருக்க வேண்டும். நுனி சற்றே கூம்பியிருந்தால் வளையம் எளிதாக ஏறும். தட்டத் தட்ட இறுகும். இங்கே பசைக்கு வேலையே இல்லை.

மாட்டுவண்டிச் சக்கரத்தில் இதே வேலையை நெருப்பு செய்கிறது. ஐந்தடிச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 4.8 மீட்டர். இரும்புப் பட்டாவைக் கூடுதலாக 500 டிகிரி சூடேற்றினால் அது ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளும். சிவக்கக் காய்ந்த பட்டாவைச் சக்கரத்தின் மர விளிம்பான வட்டையின்மேல் இறக்கி உடனே தண்ணீர் ஊற்றினால், சுருங்கும் இரும்பு ஆரக்கால்களையெல்லாம் நடுவிலிருக்கும் குடத்தை நோக்கி நெரித்து இறுக்கிவிடும்.

இத்தனை இறுக்கம் தேவைப்படுவதற்குக் காரணம் மரத்தின் குணம். பச்சை மரம் முழுவதும் உலரும்போது அகலவாக்கில் 5 முதல் 10 சதவீதம்வரை சுருங்கும். நீளவாக்கில் மிகச் சொற்பமே. உலர்ந்த பிறகும் அந்த அசைவு நிற்பதில்லை. மதுரையில் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியைத் தொடும்போது மரம் ஒடுங்கிப் பூண் ஆடும். ஐப்பசி மழையில் ஊதி இறுகும். ஆடும் சக்கரத்தைக் கண்மாய்த் தண்ணீரில் ஊறப்போடுவது இதனால்தான். உலோகமோ ஈரத்துக்கு அசைவதே இல்லை.

பம்பரத்தில் உலோகம் மரத்துக்கு உள்ளே போகிறது. ஆணியைவிடச் சற்றுச் சிறிதாகத் துளையிட்டு அடிக்க வேண்டும். துளை மிகவும் சிறுத்தால் பம்பரம் அங்கேயே பிளக்கும். பெருத்தால் ஆணி கழன்றுவிடும். கத்திப் பிடியில் இடைவெளியை அரக்கு நிரப்புகிறது. காய்ச்சிய கத்தி வாலைச் செருகினால் அரக்கு உருகிப் பரவி, ஆறியதும் கெட்டிப்படும்.

அலங்காரத்துக்காகப் பித்தளை வளையம் பதிக்கும்போது அடித்து இறுக்க வழியில்லை; பசைதான் தாங்க வேண்டும். தச்சர்களின் வெள்ளைப் பசை தன் நீரை மரம் உறிஞ்சுவதால் இறுகுவது. பித்தளை நீர் குடிக்காது என்பதால் அந்தப் பக்கம் பிடி கிடைக்காது. இரண்டு குழாய்களில் வரும் எபாக்சி நீர் வற்றி இறுகுவதல்ல; கலந்ததும் தனக்குள்ளேயே வினைபுரிந்து கெட்டியாகிறது, இடைவெளியையும் நிரப்புகிறது. அதற்கென்று வளையம் உட்காரும் காடியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காவது இடம் விட வேண்டும். பிழிந்து இறுக்கினால் பசை முழுவதும் வெளியேறிவிடும்.

பளபளப்பான பித்தளையில் எந்தப் பசையும் நிற்காது. ஒட்டும் பக்கத்தை உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அசிட்டோனால் துடைத்து, அதன்பின் விரல் படாமல் ஒட்ட வேண்டும். விரலின் எண்ணெய் ஒன்றே ஒட்டைக் கெடுக்கப் போதும். ஒரு நாள் முழுக்க இறுகிய பிறகே கடைசலில் ஏற்றலாம். அப்போதும் கூரான உளியால் மெல்ல மெல்லச் சீவ வேண்டும். சாதாரண எபாக்சி 60, 70 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். மழுங்கிய உளி உரசினால் வளையம் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். கடைசியில் தேய்க்கும்போது பித்தளைத் தூள் வெளிர் மரத்தின் நுண்துளைகளில் புகுந்து கறையாகும். முன்கூட்டியே ஒரு பூச்சு அரக்கு வார்னிஷ் அடித்துவைத்தால் கறை ஏறாது.

கருவேல மரத்தில் இரும்பைவிடப் பித்தளையே ஏற்றது. கருவேலத்தின் துவர்ப்புச் சத்தோடு ஈரமும் இரும்பும் சேர்ந்தால் மரம் கறுத்துப்போகும். பழைய ஆணிகளைச் சுற்றித் தெரியும் கருவளையம் அதுதான். பதித்த வளையத்தைப் பின்னாளில் மாற்ற வேண்டுமானால் சூட்டுக்கோலை அதன்மேல் சற்று வைத்தால் போதும். பசை இளகி, மரம் சேதமில்லாமல் வளையம் கழன்று வரும்.