ரோபோ அறுவைச் சிகிச்சை: முடிவெடுக்கும் முன் சில விளக்கங்கள்

எங்கள் சிறுநீரகவியல் புறநோயாளர் பிரிவில் அண்மைக் காலமாக இரண்டு கேள்விகள் மீண்டும் மீண்டும் எழுகின்றன. முதலாவது அச்சத்தில் பிறப்பது: “மெஷினே ஆபரேஷன் செய்துவிடுமா, டாக்டர்?” இரண்டாவது அன்பில் பிறப்பது: “எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, அப்பாவுக்கு ரோபோவிலேயே செய்துவிடலாமா?” முதல் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவதுதான் எங்களை நீண்ட நேரம் பேச வைக்கிறது.

கார் தொழிற்சாலையில் உதிரிப் பாகங்களைப் பற்றவைக்கும் இயந்திரக் கை, ஒருமுறை கற்பிக்கப்பட்ட வேலையைத் தானே திரும்பத் திரும்பச் செய்யும். அறுவை அரங்கில் உள்ள ரோபோ அத்தகையதன்று. அறுவை மருத்துவர் நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி, ஓர் இயக்கு மேடையின் முன் அமர்ந்திருப்பார். வயிற்றுக்குள் செலுத்தப்பட்ட கேமரா காட்டும் உறுப்புகளைப் பல மடங்கு பெரிதாக, ஆழம் தெரியும்படி அவர் காண்பார். அவருடைய விரல்கள் அசையும்போது, சிறு துளைகளின் வழியே உள்ளே சென்றிருக்கும் நுண்கருவிகளும் அசையும். அவர் கை சில சென்டிமீட்டர் நகர்ந்தால் கருவி அதில் ஒரு பங்கே நகரும்படி அமைத்துக்கொள்ளலாம்; கையின் இயல்பான நடுக்கமும் வடிகட்டப்பட்டுவிடும். அவர் முகத்தைத் திரையிலிருந்து விலக்கினால் கருவி நின்றுவிடும். நோயாளியின் அருகே மற்றொரு மருத்துவரும் செவிலியரும் எந்நேரமும் நிற்பார்கள். ஏதேனும் தடை நேர்ந்தால் கருவிகளை வெளியே எடுத்துவிட்டு, வழக்கமான முறையில் அறுவையைத் தொடரவும் ஆயத்தமாக இருப்போம்.

2001-ஆம் ஆண்டு, நியூயார்க்கில் அமர்ந்திருந்த அறுவை மருத்துவர்கள் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருந்த ஒரு பெண்மணியின் பித்தப்பையை இத்தகைய கருவியின் துணையால் அகற்றினார்கள். அன்றும் இயந்திரம் தானாக எதையும் முடிவு செய்யவில்லை. மனிதக் கை அட்லாண்டிக் கடலைத் தாண்டி நீண்டது, அவ்வளவே.

இனி இரண்டாவது கேள்வி. புராஸ்டேட் சுரப்பி இடுப்பெலும்புக் கூட்டின் ஆழத்தில், குறுகிய இடத்தில் அமைந்துள்ளது. சிறுநீரை அடக்கும் தசையும் தாம்பத்தியச் செயல்பாட்டுக்கான நரம்புகளும் அதை ஒட்டியே உள்ளன. இத்தகைய இடுக்கில் மணிக்கட்டைப் போல வளைந்து திரும்பும் நுண்கருவி மருத்துவருக்குப் பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த உதவி நோயாளிக்கு எந்த அளவில் போய்ச் சேருகிறது?

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் புராஸ்டேட் புற்றுநோய் கண்ட 300-க்கும் மேற்பட்ட ஆண்களை இரு குழுக்களாகப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். அதன் முதல் முடிவுகள் 2016-இல் லான்செட் இதழில் வெளிவந்தன. ரோபோ முறையில் இரத்த இழப்பு குறைந்தது. நோயாளிகள் விரைவில் வீடு திரும்பினார்கள். ஆனால் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் தாம்பத்தியச் செயல்பாட்டிலும் 12 வாரங்களில் இரு குழுக்களுக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அவ்வாறே இருந்தது. ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: அங்கே திறந்த அறுவையைச் செய்த மருத்துவர் ரோபோ முறையைச் செய்தவரைவிடப் பல மடங்கு கூடுதலான அறுவைகளைச் செய்து பழகியவர். அனுபவத்தின் எடையை இதிலிருந்தே உணரலாம்.

எங்கள் மருத்துவமனையிலும் இக்கருவி இருப்பதால், இதை எழுதுவது எங்களுக்குச் சற்றுச் சங்கடந்தான். இருப்பினும் எழுதக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒருவர், தம் தந்தையின் அறுவைக்காக ஒன்றரை ஏக்கர் நிலத்தை விற்க முன்பணம் வாங்கிவிட்டு எங்களிடம் வந்தார். நாங்கள் மேற்கண்ட விவரங்களை எடுத்துரைத்தோம். அவர் ஏற்கத் தயங்கினார். குறைந்த செலவு என்றால் குறைந்த சிகிச்சை என்றே அவருக்குப் பட்டது. அதுவரை பேசாமல் அமர்ந்திருந்த பெரியவர்தாம், “நீங்க வழக்கமா எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க, தம்பி” என்றார். திறந்த முறையிலேயே அறுவை நடந்தது. இரண்டு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தது. முன்பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

சில நோய்களில் சிறு துளை அறுவை கேடாகவும் முடியலாம். தொடக்கநிலைக் கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி 2018-இல் வெளியான ஆய்வு மருத்துவ உலகையே திடுக்கிட வைத்தது. திறந்த முறையில் கருப்பை அகற்றப்பட்டவர்களுள் 96.5 விழுக்காட்டினர் நாலரை ஆண்டுகளில் நோயின்றி வாழ்ந்திருந்தனர். லேப்ராஸ்கோப்பி அல்லது ரோபோ முறையில் அது 86 விழுக்காடுதான். தழும்பு சிறியது என்பதற்காக மட்டும் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

ஆகவே எங்களிடமும், வேறெந்த மருத்துவமனையிலும், தயங்காமல் கேளுங்கள்: இந்த நோய்க்கு ரோபோ முறையால் கிடைக்கும் தனிப் பயன் என்ன? இதே அறுவையை நீங்கள் எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? இடையில் திறந்த முறைக்கு மாற நேர்ந்தால் செலவு எவ்வளவு? இக்கேள்விகளால் எந்த நல்ல மருத்துவரும் வருத்தம் கொள்ளமாட்டார்.

செலவு ஏன் இவ்வளவு என்று வியப்பவர்கள் பலர். கருவியின் விலை ஒருபுறமிருக்க, நுண்கருவிகள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அறுவைகளுக்கே பயன்படும். அதன்பின் இயந்திரமே அதை ஏற்க மறுத்துவிடும். காப்பீடு வைத்திருப்போர் ஒன்றை அறிந்துகொள்வது நலம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ரோபோ அறுவையை மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது என்றன. ஆனால் அதற்கெனத் தனி உச்சவரம்பு விதிக்க அவை இடம் தந்தன. உங்கள் பத்திரத்தில் அத்தகைய வரம்பு உண்டா, இருந்தால் எவ்வளவு என்பதை, சேர்க்கைக்கு முன்பே காப்பீட்டு உதவி மேசையில் கேட்டறியுங்கள்.

புராஸ்டேட் அறுவையின்போது நோயாளியைத் தலை தாழ, கால் உயரச் சாய்த்துப் படுக்க வைப்போம். வயிற்றுக்குள் கரியமில வாயுவும் செலுத்துவோம். இதனால் கண்ணின் உள்ளழுத்தம் உயரக்கூடும். கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் இருந்தால், சொட்டு மருந்து மட்டுமே போடுபவரானாலும், மயக்கவியல் மருத்துவரிடம் கட்டாயம் தெரிவியுங்கள். இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகளையும் மறவாமல் சொல்லுங்கள். அறுவைக்குப் பின் முகம் சற்று உப்பியிருப்பதும், வாயுவின் விளைவாகத் தோள்பட்டை ஓரிரு நாள் வலிப்பதும் இயல்பு.

வெளியே காத்திருக்கும் உறவினர்களுக்கு ஒரு சொல். மயக்க மருந்து தந்த பிறகு ரோபோவின் கைகளைப் பொருத்திச் சரிபார்க்கவே கணிசமான நேரம் பிடிக்கும். ‘உள்ளே போய் ஒரு மணி நேரமாகிறதே, இன்னும் தொடங்கவில்லையாமே’ என்று கலங்க வேண்டாம். அறுவை தொடங்கியதும் செவிலியர் ஒருவர் வெளியே வந்து உங்களிடம் தெரிவிப்பார். அதுவரை உங்களில் ஒருவராவது காத்திருப்புக் கூடத்திலேயே இருங்கள்.