வாக்கு மாறாத குறுஞ்செய்தி

வணிகத்தில் வாக்குத்தான் முதல். ஒரு துண்டுச் சீட்டை நம்பி மூட்டை மூட்டையாகச் சரக்கு கை மாறுவது நம் தொழிலில் அன்றாடம் நடப்பது. மொத்த வியாபாரி "வியாழக்கிழமை சரக்கு ஏறும்" என்றால் ஏற்றிவிடுவார். சில்லறைக் கடைக்காரர் "பதினைந்தாம் தேதி பணம்" என்றால் கொடுத்துவிடுவார். அந்த வாக்கு முன்பு சிட்டையிலும் பேரேட்டிலும் பதிவானது. இன்று செல்போனில் பதிவாகிறது.

அதிலும் நம்மில் பலருக்கு எல்லாமே வாட்ஸ்அப்தான். விலைப் பட்டியல், ஆர்டர், பாக்கி விவரம், லாரி ரசீதின் படம் எல்லாம் அதன் வழியே போய் வருகின்றன. அது வசதியானது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆர்டர், விலை, தவணை ஆகிய மூன்றை மட்டுமாவது சாதாரணக் குறுஞ்செய்தியில், அதாவது எஸ்.எம்.எஸ்.ஸில், அனுப்புவதே நமக்குப் பாதுகாப்பு என்பது நமது கருத்து. காரணங்களைப் பார்ப்போம்.

தந்தியின் வாரிசு

தொலைபேசி அரிதாக இருந்த காலத்தில் வெளியூர் மண்டிகளுக்குத் தந்தி கொடுத்து வியாபாரம் செய்தோம். சொல்லுக்குச் சொல் கட்டணம் என்பதால் வீண் வார்த்தை இருக்காது. சரக்கு, அளவு, விலை, நாள் ஆகியவற்றோடு செய்தி முடிந்துவிடும். 2013 ஜூலை 15-ல் நம் நாட்டில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. ஆனால் அந்தச் சுருக்கமும் தெளிவும் குறுஞ்செய்தியில் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3-ல் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் கணினியிலிருந்து ஒரு செல்போனுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். ஒரு செய்திக்கு ஆங்கிலத்தில் 160 எழுத்து என்பதே அளவு. தமிழில் எழுதினால் 70 இடங்கள். கொம்பு, புள்ளி, இடைவெளி எல்லாமே தனித்தனியாகக் கணக்கில் வரும். "பருப்பு" என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து. செல்போன் கணக்கில் ஏழு.

இது போதுமா என்று கேட்கலாம். "அண்ணாச்சி, து.பருப்பு 50கி 10 மூட்டை, ரூ.5600. வியாழன் வேண்டும்." என்று எழுதிப் பாருங்கள். 64 இடங்களில் ஆர்டர் முழுவதும் அடங்கிவிடுகிறது. மீறினால் செய்தி இரண்டாகப் பிரிந்து, இரண்டு செய்தியாகக் கணக்காகும். அவ்வளவுதான்.

திரும்பப் பெற முடியாத சீட்டு

வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பிய செய்தியை அவரே இருபுறமும் அழித்துவிடலாம். 2017-ல் வந்த வசதி இது. 2022 முதல் இரண்டு நாட்களுக்கு மேல் கூட அவகாசம் உண்டு. 2023 முதல், அனுப்பிய 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்தவும் செய்யலாம். திருத்தப்பட்டது என்ற குறிப்பு இருக்குமே தவிர, முதலில் என்ன இருந்தது என்பது நமக்குத் தெரியாது. சில நாளில் தானே மறைந்துவிடும்படி செய்திகளை அமைக்கும் வசதியும் 2020 முதல் இருக்கிறது.

குடும்பப் பேச்சுக்கு இவையெல்லாம் சரி. வியாபாரத்துக்குச் சரியா? விலை ஏறும் நாளில் காலையில் சொன்ன விலைச் செய்தி மாலையில் அழிந்திருந்தால், "நீங்கதானே அண்ணாச்சி அந்த விலை சொன்னீங்க?" என்று கேட்பதற்கு நம் கையில் என்ன இருக்கிறது? பத்து மூட்டை கேட்டவர் சரக்கு வந்திறங்கிய பிறகு "ஐந்துதான் கேட்டேன்" என்றால் நஷ்டம் யார் தலையில்? பணம் போவது ஒரு பக்கம். பத்து வருடப் பழக்கம் ஒரே நாளில் முறிந்துபோகிறதே, அதுதான் பெரிய இழப்பு.

குறுஞ்செய்தி அப்படியல்ல. நம் போனுக்கு வந்து சேர்ந்துவிட்டால் அனுப்பியவரால் அதைத் தொட முடியாது. நாமே அழித்தால்தான் உண்டு. மை காய்ந்த சீட்டுக்கு அது சமம்.

சட்டத்தின் பார்வையில் இரண்டும் மின்னணு ஆவணங்களே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, இத்தகைய ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் தேவை என்கிறது. ஆகவே வழக்கு என்று வரும்போது எது அழியாமல் இருக்கிறதோ அதற்குத்தான் மதிப்பு.

இணையம் நின்றாலும் நிற்காது

2021 அக்டோபர் 4-ல், நம் நேரப்படி இரவு 9 மணியை ஒட்டி, வாட்ஸ்அப் உலகம் முழுவதும் நின்றுபோனது. சுமார் ஆறு மணி நேரம் ஒரு செய்தியும் போகவில்லை. காய்கறிச் சந்தைகளுக்கு லோடு வந்து சேரும் நேரம் அது. மறு வருடம் 2022 அக்டோபர் 25-ல், தீபாவளிக்கு மறுநாள் நண்பகலில், மீண்டும் சுமார் இரண்டு மணி நேரம் நின்றது.

குறுஞ்செய்திக்கு இணையம் வேண்டாம். பேச்சுக்குரிய சிக்னல் இருந்தால் போதும், டேட்டா தீர்ந்திருந்தாலும் போகும். எதிரில் இருப்பவர் போனை அணைத்து வைத்திருந்தால், தொலைபேசி நிறுவனத்தின் செய்தி மையம் அதைக் குறிப்பிட்ட காலம் வரை வைத்திருந்து, போன் உயிர் பெற்றதும் கொடுத்துவிடும். டவரே நின்றுவிட்டால் இதுவும் நிற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, குறுஞ்செய்தி எல்லாப் போனுக்கும் போகும். லாரி ஓட்டுநர், சுமைதூக்கும் தொழிலாளர், கிராமத்துப் பெட்டிக்கடைக்காரர் என்று பட்டன் போன் வைத்திருப்போர் இன்றும் நம்மோடு தொழில் செய்கிறார்கள். அவர்களையும் விடாமல் சேர்க்கும் வழி இது.

செயலிகள் வரும், போகும்

யாஹூ மெசஞ்சர் 2018-ல் மூடப்பட்டது. நம் நாட்டிலேயே பிறந்த ஹைக் மெசஞ்சர் 2021-ல் நின்றது. ஸ்கைப் 2025 மே மாதம் முடிவுக்கு வந்தது. 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது வீசாட்டும் அதில் ஒன்று. சீனாவிலிருந்து பொருள் தருவிப்போர் அதன் வழியே பேசிவந்தது வழக்கம். அவர்களுக்குத் தொடர்பு ஒரே உத்தரவில் அறுந்தது. ஒரு தனியார் நிறுவனத்தின் திண்ணையில் கணக்குப் பலகையைப் போட்டால், அவர் வாசலை மூடும் நாளில் நாம் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

குறைகளும் உண்டு

ஒரு பக்கம் மட்டும் எடை போடுவது வணிகருக்கு அழகல்ல. குறுஞ்செய்தியில் சரக்கின் படம் அனுப்ப முடியாது. நீண்ட விலைப் பட்டியலுக்கும் ஏற்றதல்ல. அவற்றுக்கு வாட்ஸ்அப்பே நல்லது. வாட்ஸ்அப் செய்திகளுக்கு 2016 முதல் இரு முனைப் பூட்டு உண்டு. குறுஞ்செய்திக்கு அந்தப் பூட்டு இல்லை. எனவே வங்கி ரகசிய எண், கடவுச்சொல் போன்றவற்றை அதில் எழுதவே கூடாது.

மோசடிக்காரர்களும் குறுஞ்செய்தியைப் பயன்படுத்துகிறார்கள். "உங்கள் கணக்கில் பணம் வரவு" என்று பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் அது வங்கியின் செய்தியல்ல. கணக்கில் பணம் ஏறியதைப் பார்க்காமல் சரக்கை விடாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யலாம்.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

முதலாவதாக, புதிய போன்களில் குறுஞ்செய்திப் பெட்டிக்குள்ளேயே ஆர்.சி.எஸ். என்ற வசதி திறந்திருக்கும். அது திறந்திருந்தால் செய்தி இணையம் வழியே போகும். மெசேஜஸ் அமைப்பில் சென்று அதை நிறுத்தி வையுங்கள். அப்போதுதான் அது உண்மையான எஸ்.எம்.எஸ்.

இரண்டாவதாக, டெலிவரி ரிப்போர்ட் என்பதை இயக்கி வையுங்கள். செய்தி அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது தெரியும். படித்தாரா என்பது தெரியாது. ஆகவே "சரி" என்று ஒரு பதில் வாங்கிக்கொள்வதை வழக்கமாக்குங்கள்.

மூன்றாவதாக, உங்கள் ரீசார்ஜில் எத்தனை குறுஞ்செய்தி உண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல திட்டங்களில் நாளுக்கு 100 உண்டு. விலை குறைந்த சில திட்டங்களில் இருக்காது. டேட்டா இல்லாமல் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களையும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டிருக்கிறது.

நான்காவதாக, இந்த யோசனை நமக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டுமே. தள்ளுபடி விளம்பரத்தைச் சொந்த எண்ணிலிருந்து நூற்றுக்கணக்கான வாடிக்கையாளருக்கு அனுப்பினால் இணைப்பே துண்டிக்கப்படலாம். அதற்கு டிராயின் 2018 விதிமுறைப்படி தனியே பதிவு செய்ய வேண்டும்.

ஐந்தாவதாக, மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது ஆர்டர் செய்திகளைப் பார்த்துப் பில்லோடு ஒத்துப் பாருங்கள். பாக்கி தீரும் வரை எதையும் அழிக்காதீர்கள்.

வணிகப் பெருமக்களே! இதற்குப் புதிய போன் வேண்டாம். தனிச் செலவும் பெரும்பாலும் இல்லை. வாட்ஸ்அப்பை விட்டுவிடச் சொல்லவும் இல்லை. படமும் பட்டியலும் அதில் போகட்டும். விலையும் அளவும் தேதியும் குறுஞ்செய்தியில் நிற்கட்டும். சொன்ன சொல் சொன்னபடியே எதிரே இருந்தால், இருவருக்குள் தகராறு எழ இடமில்லை.