உஷார்! பாம்புக்கு மாட்டு மருந்து அடிக்காதீங்க

புளியந்தோப்பில் பால் பைத்தான் (ball python) பாம்பு வளர்க்கும் தம்பிகளே, பாம்புப் பெட்டிக்குப் பக்கத்தில் நுவான் பூச்சிமருந்துப் பாட்டிலோ, மாட்டு உண்ணிக்கு அடிக்கும் டெல்டாமெத்ரினோ, நாய்ப் பவுடரோ இருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

மழைக்காலம் வந்தால் பாம்பு மைட்ஸ் என்ற ஒட்டுண்ணிக்குக் கொண்டாட்டம். 25 முதல் 30 டிகிரி வெப்பம், காற்றில் நல்ல ஈரம். அதற்கு வேண்டியது அவ்வளவுதான். பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கிறதா? கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும் கரும்புள்ளிகள் நகர்கின்றனவா? சந்தேகமே வேண்டாம், மைட்ஸ்தான். இரத்தத்தை உறிஞ்சும், குட்டிப் பாம்பைச் சோகை பிடிக்க வைத்துக் கொன்றும்விடும்.

ஆனால் அதைவிட வேகமாகக் கொல்வது தப்பான மருந்து. நாய்க்கு அடித்தால் அது வெளியே ஓடிக் காற்று வாங்கும். பாம்போ மூடிய பெட்டிக்குள் அந்த மருந்தின் மேலேயே படுத்து, அந்த ஆவியையே சுவாசிக்கிறது. நுவானில் இருக்கும் டைகுளோர்வாஸ் நரம்பைத் தாக்கும் விஷம். 2018-ல் மத்திய அரசு போட்ட ஆணைப்படி 2020 டிசம்பர் 31-லிருந்து அதற்கு நாட்டில் தடை. ஒற்றை அறை வீட்டில் அதைத் தெளித்தால் பாம்போடு நிற்காது, பிள்ளைகளும் அதைத்தான் சுவாசிப்பார்கள்.

அடுத்த ஆபத்து ஐவர்மெக்டின் ஊசி. கடையில் கிடைக்கும் மாட்டு மருந்து 1 சதவீதம், அதாவது ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம். பாம்புக்கு மருத்துவர்கள் சொல்லும் அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். ஒரு கிலோ பாம்புக்கு 0.02 மில்லிதான் வருகிறது. இன்சுலின் சிரிஞ்சில்கூட ஓரிரு கோடுதான் வரும். நூறு கிராம் குட்டிக்கு? கண்ணால் அளக்கவே முடியாது. பால் பைத்தானுக்குச் சரியான அளவிலேயே நரம்புக் கோளாறு வந்ததுண்டு. வீட்டில் ஆமைத் தொட்டி இருந்தால் அந்த மருந்தைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், ஆமை செத்துப்போகும்.

ஃபிப்ரோனில் ஸ்பிரேயை மருத்துவர்கள் பயன்படுத்துவதுண்டு. அதையும் துணியில் தெளித்துத் துடைப்பார்கள், பாம்பின் மேல் நேராகப் பீய்ச்ச மாட்டார்கள். அந்துருண்டையும் வேண்டாம். இயற்கைதானே என்று வேப்பெண்ணெயை உடம்பெல்லாம் பூசவும் வேண்டாம்.

பாதி வைத்தியம் பெட்டியில்தான் இருக்கிறது. மைட்ஸ் முட்டை வைப்பது பாம்பின் மேல் அல்ல, பெட்டியின் இடுக்குகளில். பெட்டியில் விரித்த தேங்காய் நாரைக் கட்டி வெளியே எறியுங்கள். பெட்டியைச் சுடுநீரில் கழுவிக் காயவைத்து வெள்ளைத்தாள் விரியுங்கள். மற்ற பாம்புகளிடமிருந்து பிரித்து வையுங்கள். ஒரு தலைமுறை இரண்டு மூன்று வாரத்தில் முடிந்து அடுத்தது கிளம்பும். ஆகவே ஒரு மாதத்துக்கு மேலும் விடாமல் சுத்தம் செய்யுங்கள்.

ஏன் இப்படிக் கடை மருந்தைத் தேடி ஓடுகிறார்கள்? பலரிடம் பாம்புக்கான ஆவணம் இல்லை, டாக்டரிடம் போகப் பயம். கடத்தல் பாம்புகள் எப்படி வருகின்றன என்று பாருங்கள்: 2023 ஏப்ரலில் சென்னை விமான நிலையத்தில் ஒரே பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள் பிடிபட்டன. ஜூலையில் திருச்சியில் 47 மலைப்பாம்புகள். இப்படி நெருக்கி அடைத்து வரும் பாம்புகளில் ஒன்றுக்கு மைட்ஸ் இருந்தால் எல்லாவற்றுக்கும் தொற்றும். விலை மலிவு என்று வாங்கினால் மைட்ஸ் இலவசம், வழக்கும் இலவசம். பால் பைத்தான் போன்ற அயல்நாட்டுப் பாம்பை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். சாரை, மண்ணுளி போன்ற நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வைப்பதே குற்றம், வனத்துறையிடம் கொடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே மருந்து அடித்துவிட்டீர்களா? பாம்பு தலையை முறுக்குகிறதா, புரட்டிப் போட்டால் திரும்ப முடியாமல் கிடக்கிறதா? வெதுவெதுப்பான நீரில் உடனே கழுவி, காற்றுத் துளை உள்ள வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். அங்கே போய் ஊர்வன பார்க்கும் மருத்துவரைக் கேளுங்கள். அடித்த மருந்தின் பாட்டிலையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.