மையர்: ஒரே பெயர், பல வேர்கள்

அறிவியல் வரலாற்றில் மையர்களுக்குப் பஞ்சமில்லை. ஆற்றல் மாறாக் கொள்கையை 1842-இல் முன்வைத்த மருத்துவர் ராபர்ட் மையர், தனிமங்களை வரிசைப்படுத்துவதில் மெண்டலீவுக்குப் போட்டியாக நின்ற லோத்தார் மையர், சிற்றினத்துக்கு 1942-இல் புது வரையறை தந்த எர்ன்ஸ்ட் மையர் என மூவர் உடனே நினைவுக்கு வருவார்கள். ஜெர்மன் உச்சரிப்பில் மூவர் பெயரும் ஏறக்குறைய ஒன்றுதான். குடும்பங்கள்தான் வேறு.

இந்தப் பெயருக்கு மூலம் ‘மயோர்’ என்ற லத்தீன் சொல். பெரியவர் என்று பொருள். நம் மாநகராட்சி ‘மேயர்’ பிறந்ததும் இதே வேரில்தான். பிராங்க் அரசர்களின் அரண்மனை நிர்வாகி ‘மயோர் தோமுஸ்’ எனப்பட்டார். அந்தப் பதவியில் இருந்த பெப்பின், 751-இல் அரசரையே இறக்கிவிட்டு முடிசூடிக்கொண்டார்.

கிராமத்து மையருக்கு அவ்வளவு அதிகாரம் இல்லை. நிலப்பிரபுவுக்கோ மடத்துக்கோ சொந்தமான பண்ணையைக் கவனிக்கும் காரியஸ்தர் அவர். குடியானவர்களிடம் தானியமும் வரியும் வசூலிப்பார், ஊர் வழக்குகளையும் விசாரிப்பார். பழைய பண்ணை முறை சிதைந்தபின், வட ஜெர்மனியில் குத்தகை விவசாயியும் மையர் ஆனார். ஊருக்கு ஊர் மையர் இருந்ததால் அடைமொழி தேவைப்பட்டது: மேற்பண்ணைக்காரர் ஓபர்மையர், கீழ்ப்பண்ணைக்காரர் நீடர்மையர், புதுப் பண்ணைக்காரர் நோய்மையர்.

எழுத்திலும் வட்டார வாசனை உண்டு. வடக்கே ஃபாரெல் ஊரில் பிறந்த லோத்தார் எழுதியது எம்-ஈ-ஒய்-ஈ-ஆர். தெற்கே ஹைல்பிரானில் பிறந்த ராபர்ட் எழுதியது எம்-ஏ-ஒய்-ஈ-ஆர். பவேரியாவின் கெம்ப்டனில் பிறந்த எர்ன்ஸ்ட் நான்கே எழுத்தில் முடித்துவிட்டார்: எம்-ஏ-ஒய்-ஆர். முன்பு ஒரே குடும்பத்துக்குள்கூடப் பாதிரியார் காதில் விழுந்தபடி எழுத்து மாறியது. 1876-இல் ஜெர்மானியப் பேரரசு முழுவதும் அரசுப் பதிவு நடைமுறைக்கு வந்தபின்தான் எழுத்து பெரும்பாலும் நிலைபெற்றது.

ஒலி ஒன்றாகவும் எழுத்து பலவாகவும் இருந்தால் பெயரைத் தேடுவது எப்படி? 1969-இல் ஹான்ஸ் யோவாகிம் போஸ்டல் வெளியிட்ட ‘கொலோன் ஒலிக்குறியீடு’ இதற்கு வழி சொன்னது. எம்-முக்கு 6, ஆர்-ருக்கு 7. இடையிலுள்ள உயிரொலிகளைத் தள்ளிவிடலாம். எந்த மையரை எழுதினாலும் விடை 67 தான். முல்லர் என்றால் 657.

குறியீடு ஒன்று என்பதால் இரத்தமும் ஒன்றாகிவிடாது. யூதக் குடும்பங்கள் பலவற்றின் மையர், ‘ஒளி தருபவர்’ எனப் பொருள்படும் ‘மெயிர்’ என்ற எபிரேயப் பெயரிலிருந்து வந்தது. வெஸ்ட்பாலியாவிலோ, பண்ணைக்கு வாரிசான பெண்ணை மணந்து வீட்டோடு மாப்பிள்ளையானவர், தன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரையே சூட்டிக்கொள்வது முன்பு வழக்கமாக இருந்தது. பிள்ளைகளுக்கும் அதே பெயர்தான்.

ஆகவே, ஜெர்மன் குடும்பம் ஒன்றின் வேரைத் தேடுபவர்கள் பெயரை மட்டும் நம்பி வம்சக்கொடி வரையக் கூடாது. எந்த ஊர், எந்தப் பண்ணை என்பதை முதலில் கண்டுபிடித்து, அங்குள்ள தேவாலயப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதே சரியான வழி.