ஓட்டத்திலும் கூட்டுறவு

கூட்டுறவு என்றவுடன் நூலும் உரமும், பங்குத் தொகையும் தவணைக் கடனுமே அங்கத்தினர்களின் நினைவிற்கு வருகின்றன. ஆனால் உழைக்கும் உடல் நலிந்துவிடுமாயின், கடன் வாங்கி நெய்த சேலையும் உரமிட்டு வளர்த்த மிளகும் மருந்துச் செலவிற்கே விலையாகிவிடும். ஆகையால் தேக நலத்தையும் நம் முதலீடுகளுள் ஒன்றாகக் கருதுவதே அறிவுடைமையாகும். அதற்குரிய எளிய வழியொன்று, குடும்பத்தினர் அனைவரும் சேர்ந்து ஓடிப் பழகுவது.

இன்றைய நிலைமையைச் சிறிது கவனிப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு நோய் உள்ளதென மதிப்பிட்டது. நோயின் வாசலில் நிற்போர் மேலும் 13 கோடியே 60 லட்சம் பேராம். குழித்தறியில் காலையில் அமர்ந்து மாலையில் எழும் நெசவாளருக்குக் கையும் காலும் அசைகின்றனவேயன்றி, நெஞ்சும் மூச்சும் போதிய பயிற்சி பெறுவதில்லை.

“தறிக்காரர்களுக்கு அது பொருந்தும்; நாள் முழுவதும் மேடும் பள்ளமும் ஏறி இறங்கும் எங்களுக்கு ஓட்டம் எதற்கு?” என்று செம்மேட்டில் அங்கத்தினர் ஒருவர் என்னிடம் வினவினார். நியாயமான கேள்வியே. தலைச்சுமையுடன் மலையேறி வந்தவருக்குத் தேவை ஓய்வுதான். ஆயினும் கொல்லிமலையின் வாழ்க்கையும் மாறி வருகின்றது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்தும் லாரியும் மேலே வருகின்றன. முன்னோர் நடந்த தூரத்தை மக்கள் மோட்டார் சைக்கிளில் கடக்கின்றனர். ஒரே வீட்டில் தந்தை தோட்டத்தில் உழைக்கிறார். மகன் கடையில் அமர்ந்திருக்கிறான். மகள் பாடப் புத்தகத்தின் முன் அமர்ந்திருக்கிறாள். பாட்டியார் திண்ணையை விட்டு இறங்குவதில்லை. ஒருவருடைய உழைப்பு மற்றவருடைய உடலுக்கு உரமாகாதன்றோ?

தாய்க்காக வகுத்த திட்டம்

இப்போது உலகெங்கும் ஓடத் தொடங்குவோர் பின்பற்றும் பயிற்சித் திட்டம் ஒன்று உண்டு. அதனை 1996-இல் அமைத்தவர் ஜாஷ் கிளார்க் என்னும் அமெரிக்க இளைஞர். ஐம்பது வயதைக் கடந்த தம் தாயாரை ஓடப் பழக்க விரும்பியே அவர் அதனை வகுத்தார். விளையாட்டு வீரருக்கென்று பிறவாமல், வீட்டிலிருந்த ஒரு தாய்க்கென்று பிறந்த காரணத்தாலேயே அது எல்லோருக்கும் ஏற்றதாக அமைந்தது போலும்.

முறை மிக எளிது. முதலில் ஐந்து நிமிடம் விரைந்து நடக்க வேண்டும். பிறகு 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம் செய்ய வேண்டும். வாரத்திற்கு மூன்று நாள் போதும். இடையிடையே ஒரு நாள் ஓய்வு அவசியம். வாரம் ஏற ஏற ஓட்டத்தைச் சிறிது சிறிதாக நீட்டினால், ஒன்பதாம் வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட இயலும். கடிகாரம் இல்லாதோர் வாய்க்குள் எண்ணிக் கொள்ளலாம். ஓடும்போது பக்கத்தில் வருபவருடன் பேச முடிந்தால் வேகம் சரியானது. பேச்சுத் திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது அறிகுறி.

கடைசியில் வருபவரே அளவுகோல்

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் தொடங்கிய சிறு கடை, உலகக் கூட்டுறவு இயக்கத்திற்கே முன்மாதிரியாயிற்று என்பதை நாம் அறிவோம். அதே நாட்டில், லண்டனின் புஷி பூங்காவில், 2004 அக்டோபர் 2-ஆம் நாள் 13 பேர் சேர்ந்து 5 கிலோமீட்டர் ஓடினர். கட்டணம் இல்லை, பரிசும் இல்லை, வேலைகளைத் தொண்டர்களே செய்தனர். பார்க்ரன் என்று பெயர் பெற்ற அந்த வாராந்தர ஓட்டம் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றது.

அங்கே இரு விதிகள் நம் கவனத்திற்குரியவை. பதினொரு வயதிற்குட்பட்ட குழந்தை, உடன் வரும் பெரியவரின் கைக்கெட்டும் தூரத்திலேயே ஓட வேண்டும். எல்லோருக்கும் பின்னால் ஒரு தொண்டர் நடந்து வருவார். ஆகவே பங்கு பெற்றவர் எவரும் கடைசியாக வந்தவர் ஆகமாட்டார். இந்த ஏற்பாட்டில் கூட்டுறவின் சாரமே அடங்கியுள்ளது எனலாம். குடும்ப ஓட்டத்திலும் வேகத்தை நிர்ணயிப்பவர் வலிமை மிக்க மகனல்லர். மெல்ல வரும் மூத்தோரும் சிறுவருமே.

அடுப்பங்கரையை மறவாதீர்

இனி மிக முக்கியமான செய்தி. விடியுமுன் எழுந்து நீர் எடுத்து அடுப்பு மூட்டுபவர் வீட்டின் தாய். தந்தையும் மக்களும் ஓடித் திரும்பிப் பசியுடன் கை நீட்டினால், அவருக்கு முன்னிலும் ஒரு வேலை மிகுதியாகும். வியர்வைத் துணிகளும் சேரும். அப்போது ஓட்டம் மற்றவர்க்குப் பயிற்சி, ஒருவருக்கு மட்டும் பாரம். இதனைக் குடும்ப ஓட்டம் என்று எவ்வாறு கூறுவது?

பெண்ணுடல் ஓட்டத்திற்கு ஏற்றதன்று என்ற தவறான எண்ணம் மேல்நாட்டிலும் நெடுங்காலம் நிலவியது. 1928 ஒலிம்பிக் பந்தயத்தில் பெண்கள் 800 மீட்டர் ஓடினர்; அதன்பின் அப்போட்டி நீக்கப்பட்டு, 1960-இல்தான் திரும்பச் சேர்க்கப்பட்டது. பெண்களுக்கான ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டம் 1984-இல்தான் தொடங்கிற்று. அங்கே தடையாக நின்றது விதி. நம் வீடுகளில் தடையாக நிற்பது பாத்திரமும் விறகும். விதியை மாற்றப் பல ஆண்டுகள் ஆயின. இத்தடையை நீக்க ஓரிரவு போதும். ஓடும் நாளுக்கு முந்திய இரவே ஆண்மக்கள் பாத்திரம் துலக்கி, நீர் நிரப்பி வைக்கட்டும். மறுநாள் காலை கேழ்வரகுக் கூழும் மலை வாழைப்பழமும் போதுமான ஆகாரம். தாய் வாசலுக்கு வந்து சேரும்வரை எவரும் புறப்படலாகாது என்பதை வீட்டின் முதல் விதியாகக் கொள்ளுங்கள். ஊரார் நகைப்பரோ என்று அவர் கூசினால், அண்டை வீட்டாரையும் அழைத்துக் கொள்ளுங்கள். நாலு வீடு சேர்ந்து செய்யும் காரியத்தை ஊர் நெடுநாள் நகைப்பதில்லை.

சில எச்சரிக்கைகள்

செம்மேடு போன்ற இடங்களில் சரிவில் இறங்கி ஓடினால் முழங்காலுக்குப் பாரம் மிகும். சமதளமான மைதானமே நன்று. பனிமூட்டத்தில் வளைவுச் சாலைகளைத் தவிர்த்து, வெளிச்சம் வந்தபின் தொடங்குக. இருதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளோரும், கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ தோன்றினால் அக்கணமே நிறுத்தி மருத்துவமனையை நாட வேண்டும். ஓட இயலாத முதியோர் நடக்கலாம். நடையும் முழுப் பங்கே. பெரியவர்கள் வாரத்திற்கு 150 நிமிட மிதமான உழைப்பையோ 75 நிமிடக் கடும் உழைப்பையோ குறையாது மேற்கொள்ள வேண்டும் என்றும், சிறுவர் நாள்தோறும் சராசரி 60 நிமிடம் ஆடி ஓட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியுள்ளது.

சிக்கனச் சேமிப்பில் பெருந்தொகையை ஒரே நாளில் கட்டியவரைவிட, சிறு தொகையைத் தவறாது கட்டியவரே இறுதியில் பயனடைகிறார். ஓட்டமும் அத்தகையதே. அடுத்த வாரத்தில் மூன்று நாட்களைக் குறித்துக் கொள்ளுங்கள். எந்த நாட்கள் என்பதை வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். அந்தச் சிறு கூட்டத்தில் முதல் வாக்கு அடுப்பங்கரையில் நிற்பவருடையதாக இருக்கட்டும்.